பால் கணக்குப் படித்த மகாத்மா

1927-ம் ஆண்டு ஜூன் மாதம். பெங்களூர் நகரில் அடுகோடி என்னும் பகுதி. அங்கே சர்க்கார் நடத்திவந்த பெரிய மாட்டுப் பண்ணை ஒன்று இருந்தது. பால் தொழிலைக் கற்றுக் கொடுக்கும் பள்ளியும் அதுவே. அந்தப் பண்ணைக்கு ஒரு புதிய மாணவர் வந்து சேர்ந்தார்.

மாணவர் என்றால் இளைஞர் அல்ல. வயது 57. இடுப்பிலே கதர்த் துண்டு. பொக்கை வாய். லண்டனில் சட்டம் படித்துப் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அவர் முகத்தைக் காண ஊர் ஊராக மக்கள் திரண்டு வருவார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் ரத்தக் கொதிப்பு நோய் அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. ஓய்வு எடுக்கும்படி டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஓய்வு நாட்களில்தான் அவர் மாட்டுப் பண்ணைக்குப் பாடம் கேட்கப் புறப்பட்டார்.

ஆம், காந்தியடிகள்தான் அந்த மாணவர்!

நாட்டின் விடுதலைக்குப் போராடிய தலைவருக்கு மாட்டுப் பண்ணையில் என்ன வேலை? பசுவைக் கும்பிடுவதற்காக அவர் அங்கே போகவில்லை. கும்பிட அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எந்தப் பசு நல்ல பசு, அதை எப்படி அறிவது, அதன் கன்று அதைவிட நல்ல பசுவாக வளர என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளப் போனார். இன்றைக்கும் அரியாங்குப்பத்தில் வீட்டுக்கு ஒன்றிரண்டு கறவை மாடு கட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதே கேள்விதான். அதற்கு விடை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகத்தின் மதிப்பை உணர்ந்தவர்களில் காந்தியடிகளும் ஒருவர்.

தம்பிடிக்கும் கணக்கு

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். வைஷ்ணவக் குடும்பம். பசுவைத் தாயாக நினைக்கும் வீடு. பிள்ளையும் அப்படியே வளர்ந்தது.

1888-ல் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. செலவு செய்யும் ஒவ்வொரு காசையும் நோட்டில் எழுதி வைப்பார். தபால் தலைக்கு ஆனது, வண்டிக் கூலிக்கு ஆனது, பத்திரிகைக்கு ஆனது எல்லாம் எழுதப்படும். இரவு படுக்கப் போகுமுன் கணக்கு நேராகிவிட வேண்டும். பின்னாளில் பொதுப் பணத்தை லட்சக் கணக்கில் அவர் கையாண்டார். அப்போதும் இதே பழக்கம் துணை நின்றது. தென்னாப்பிரிக்காவில் 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோது, சிறு தொகைக்கும் ரசீது கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தார்.

கணக்கு எழுதாதவன் தன் பணம் எங்கே போயிற்று என்று அறிய மாட்டான். மாடு விஷயத்திலும் இது பொருந்தும் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

பாலை விட்டவர்

பால் விஷயத்தில் காந்தியடிகளின் வாழ்க்கை விசித்திரமானது. பசுவின் பாலைப் பெருக்க வேண்டும் என்று பாடுபட்ட அவர் பசும்பால் குடிப்பதில்லை!

1912-ம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தார். அப்போது கல்கத்தாப் பால்காரர்கள் சிலர் செய்துவந்த கொடுமையைப் பற்றிப் படித்தார். மடியில் உள்ள பாலைக் கடைசிச் சொட்டு வரை இழுப்பதற்காகப் பசுவையும் எருமையையும் அவர்கள் பாடாய்ப் படுத்தினார்கள். புலனடக்கத்துக்குப் பால் ஆகாது என்ற எண்ணமும் அவருக்கு முன்பே உண்டு. இரண்டும் சேர்ந்தன. நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அன்று முதல் பழமும் கொட்டையும்தான் ஆகாரம்.

இந்தியா திரும்பிய பின் சோதனை வந்தது. 1918-ல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க அலைந்தபோது சீதபேதி கண்டது. உடம்பு எலும்பும் தோலும் ஆயிற்று. 1919 தொடக்கத்தில் பம்பாய் டாக்டர் தலால், பால் சாப்பிடாமல் உடம்பு தேறாது என்று கூறிவிட்டார். காந்தியடிகள் தம் விரதத்தைக் காட்டி மறுத்தார். கட்டிலருகே நின்ற கஸ்தூரிபாய் ஒரு வழி கண்டுபிடித்தார். விரதம் எடுத்தபோது கணவர் மனதில் இருந்தவை பசுவும் எருமையும்தானே, ஆட்டுக்கு அந்த விரதத்தில் இடம் ஏது என்று கேட்டார். காந்தியடிகள் இணங்கினார். ஆட்டுப்பால் அவரைப் பிழைக்க வைத்தது. ஆனால் விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் கடைசி வரை அவரை விடவில்லை.

கும்பிடும் நாட்டில் எலும்பும் தோலும்

நாடெங்கும் சுற்றிய காந்தியடிகளின் கண்ணில் ஒரு காட்சி ஓயாமல் பட்டது. இந்தியர்கள் பசுவைக் கும்பிடுகிறார்கள். அதே பசு தெருவில் எலும்பு தெரிய நிற்கிறது. பாலை மிச்சமில்லாமல் கறந்துவிட்டுக் கன்றைப் பட்டினி போடுகிறார்கள். வண்டி மாட்டைத் தார்க்குச்சியால் குத்துகிறார்கள். பசுவைக் கோவில் வாசலில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு எருமைப்பால் வாங்குகிறார்கள். எருமைப்பாலில் வெண்ணெய் அதிகம் அல்லவா? ஆனால் ஏர் உழவும் வண்டி இழுக்கவும் காளையைத் தருவது பசு. பாலும் உழைப்பும் தரும் பிராணியைக் கைவிடுவது புத்திசாலித்தனமா என்பது அவர் வாதம்.

1924 டிசம்பரில் பெல்காமில் காங்கிரஸ் மகாசபை கூடியது. காந்தியடிகள் தலைவர். அதே சமயம் அங்கே கூடிய பசுப் பாதுகாப்பு மாநாட்டுக்கும் அவரே தலைமை வகித்தார். 1925-ல் பம்பாயில் அகில இந்தியப் பசுப் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று.

அந்தச் சங்கத்தின் திட்டம் பலரைத் திகைக்க வைத்தது. சண்டை சச்சரவு இல்லை. ஊர்வலம் இல்லை. இரண்டே வேலைகள். ஒன்று, நல்ல பால் பண்ணைகள் நடத்துவது. மற்றொன்று, தோல் பதனிடும் நிலையங்கள் நடத்துவது. பசுவைக் காக்கும் சங்கத்துக்குத் தோல் ஏன் என்று வைதிகர்கள் முகம் சுளித்தார்கள். தானாகச் செத்த மாட்டின் தோலும் எலும்பும் காசாகிவிட்டால், அந்தக் காசு உயிரோடு இருக்கும் மாட்டுக்குத் தீவனம் ஆகும் என்பதுதான் கணக்கு. பசு தன் செலவைத் தானே தாங்கினால்தான் பிழைக்கும். இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் எந்தச் சங்கமும் அதைக் கசாப்புக் கடையிலிருந்து காப்பாற்ற முடியாது என்று அவர் கண்டார்.

சரி, பசு தன் செலவைத் தாங்குவது எப்படி? இந்த இடத்தில்தான் அவருக்கு நிபுணர் தேவைப்பட்டார்.

பதினைந்து நாள் பள்ளி

1927 மார்ச்சில் சுற்றுப் பயணத்தின் நடுவே காந்தியடிகள் நோயில் விழுந்தார். ஏப்ரலில் மைசூர் ராஜ்யத்தில் உள்ள நந்தி மலைக்குக் கொண்டுபோனார்கள். ஜூனில் பெங்களூர் குமார பார்க்கில் தங்கினார். அங்கிருந்துதான் அடுகோடிப் பண்ணைக்குப் போய்வந்தார்.

அந்த நிலையம் 1923-ல் ஏற்பட்டது. இந்திய சர்க்காரின் பால் நிபுணரான வில்லியம் ஸ்மித் என்ற வெள்ளைக்காரர் அதை நடத்தி வந்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்ப்பவர், வெள்ளைக்கார நிபுணரிடம் மாணவராக உட்கார்ந்தார். தெரிந்தவரிடம் தெரியாததைக் கேட்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. பண்டித மதன்மோகன் மாளவியாவும் அந்த நாட்களில் அங்கே வந்தார். சுமார் பதினைந்து நாள் பாடம் நடந்தது. தீவனம், தொழுவம், கறவை, இனப்பெருக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வருகையாளர் புத்தகத்தில் தம்மைச் சபர்மதிக் குடியானவர் என்று பதிந்துவிட்டு வந்தார்.

அந்தப் பண்ணையின் பெருமையாக ஒரு பசு விளங்கியது. அதன் பெயர் ஜில். சீமையின் அயர்ஷயர் இனமும் நம் நாட்டு ஹரியானா இனமும் கலந்த பசு. தன் வாழ்நாளில் அது கறந்த பால் ஒன்றரை லட்சம் ராத்தலுக்கும் மேலே! இன்றைய கணக்கில் சுமார் 70 டன்.

பால் அளவு ஒருபுறம் இருக்கட்டும். அந்த அளவு எப்படித் தெரிந்தது? காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாலை நிறுத்து ஒருவர் எழுதியிருக்கிறார். நாள் தவறாமல், வருஷம் தவறாமல் எழுதியிருக்கிறார். ஜில் போன்ற நல்ல பசுக்கள் நம் கிராமங்களிலும் பிறந்திருக்கும், இறந்திருக்கும். எழுதி வைக்க ஆள் இல்லாததால் அவற்றின் பெயரும் தெரியாது. அவற்றின் கன்றுகள் எந்தச் சந்தையில் யார் கைக்குப் போயின என்பதும் தெரியாது.

லட்சுமியா? காமாட்சியா?

அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் இரண்டு பசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் பெயர் லட்சுமி. மற்றொன்று காமாட்சி.

லட்சுமி கன்று போட்டதும் நாளுக்கு 10 லிட்டர் கறக்கிறது. தெருவே வந்து வேடிக்கை பார்க்கிறது. காமாட்சி 7 லிட்டர்தான். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் லட்சுமியின் பால் மாதா மாதம் மளமளவென்று இறங்கி, ஐந்தாம் மாதத்தில் வற்றிவிடுகிறது. சராசரி 6 லிட்டர், 150 நாள். மொத்தம் 900 லிட்டர். காமாட்சி நிதானமாகப் பத்து மாதம் கறக்கிறது. சராசரி 5 லிட்டர், 300 நாள். மொத்தம் 1,500 லிட்டர்.

எந்தப் பசு நல்ல பசு? நோட்டு இல்லாத வீட்டில் லட்சுமிக்குத்தான் பேர். பணமுடை வந்தால் காமாட்சியை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். லட்சுமியின் கிடேரிக் கன்றை ஆசையாக வளர்ப்பார்கள். மூன்று வருஷம் கழித்து அதுவும் ஐந்து மாதத்தில் வற்றும். வீட்டுக்கு ராசி இல்லை என்று சோதிடரிடம் போவார்கள்.

சந்தையில் மட்டும் என்ன வாழ்கிறது? சுழி பார்ப்பார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். கொம்பின் வளைவு, வாலின் நீளம், மடியின் பெருக்கம் எல்லாம் பார்ப்பார்கள். தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். போன ஈற்றில் இந்த மாடு மொத்தம் எத்தனை லிட்டர் கறந்தது என்பதற்கு மட்டும் எழுத்தில் சாட்சி இருக்காது. மடியைப் பார்த்துப் பாலை மதிப்பிடும் அனுபவசாலிகள் உண்டு. அவர்கள் கண்ணும் அன்றைய மடியைத்தான் பார்க்கும். பத்து மாதப் பாலைப் பார்க்காது.

உலகம் முழுவதும் ஒரு ஈற்றின் பாலை 305 நாள் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். தினமும் அளக்க முடியாத இடங்களில் மாதம் ஒரு நாள் காலையும் மாலையும் அளந்தாலே போதும். அந்தப் பத்துப் பதினோரு அளவுகளைக் கொண்டு முழு ஈற்றையும் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடலாம். கன்று போட்ட தேதி, சினை ஊசி போட்ட தேதி, பால் வற்றிய தேதி இவற்றையும் குறித்தால் கணக்கு முழுமை அடையும். பால் எவ்வளவு கறந்தாலும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கன்று போடும் பசு குடும்பத்துக்குப் பாரம்தான்.

டென்மார்க் நாட்டில் வேயன் என்ற ஊர்க் குடியானவர்கள் 1895-லேயே இதற்காக ஒரு சங்கம் வைத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவர் முறை வைத்து ஒவ்வொரு பண்ணையாகப் போவார். பாலை நிறுப்பார். வெண்ணெய்ச் சத்தைச் சோதிப்பார். தின்ற தீவனத்தையும் எழுதுவார். டென்மார்க் வெண்ணெய் உலகச் சந்தையில் பேர் வாங்கியதில் அந்த நோட்டுகளுக்கும் பங்கு உண்டு.

பால் கறக்காத காளை

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கன்றுக்குப் பாதி இரத்தம் தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. தாயின் பாலை அளந்துவிடலாம். தகப்பனிடம் எதை அளப்பது? காளை பால் கறக்காதே!

திமில் பெரிதா, நடை கம்பீரமா என்று பார்த்துப் பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். ஏர் மாட்டுக்கு அது ஓரளவு சரி. பாலுக்குச் சரிப்படாது. காளையின் தாய் எவ்வளவு கறந்தாள் என்று பார்ப்பது அதைவிட மேல். காளைக்குப் பிறந்த பெண் கன்றுகள் வளர்ந்து, கன்று போட்டு, எவ்வளவு கறக்கின்றன என்று பார்ப்பதே நிச்சயமான வழி.

அதற்குப் பொறுமை வேண்டும். காளை பருவத்துக்கு வர இரண்டு வருஷம். அதற்குப் பிறக்கும் கிடேரி தாய் வயிற்றில் ஒன்பது மாதம். பிறந்து, வளர்ந்து, முதல் கன்று போடச் சுமார் மூன்று வருஷம். ஒரு ஈற்றுப் பாலை எழுதி முடிக்கப் பத்து மாதம். ஆக, ஒரு காளை நல்ல காளையா என்று தெரிய ஆறு, ஏழு வருஷம் ஆகிவிடும்!

அத்துடன் முடிந்ததா? பிண்ணாக்கும் பசும்புல்லும் தின்னும் பணக்கார வீட்டு மாடு அதிகம் கறக்கும். வெறும் வைக்கோல் தின்னும் ஏழை வீட்டு மாடு குறைவாகக் கறக்கும். மாட்டுக்கு மாடு பாலில் காணும் வித்தியாசத்தில் சுமார் கால் பங்குதான் பரம்பரையால் வருவது. மற்றது தீவனம், பராமரிப்பு, நோய் இவற்றால் வருவது. ஆகவே ஒரே ஒரு மகளை வைத்துக் காளையை எடை போட்டால் ஏமாந்து போவோம். பல வீடுகளில் வளரும் பல மகள்களின் பாலை, அதே ஊர்களில் உள்ள மற்றக் காளைகளின் மகள்களோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கும் எந்த வீடும் இதைத் தனியாகச் செய்ய முடியாது. பத்துக் கிராமம் சேர்ந்தால்தான் முடியும்.

மாடு வளர்ப்பைக் கூட்டாகச் செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் 1942-ல் ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார். தனி ஒரு குடியானவனால் நல்ல பொலிகாளை வைத்துக்கொள்ள முடியாது. மேய்ச்சலுக்கு இடம் கிடையாது. வைத்தியருக்குக் கொடுக்கப் பணம் கிடையாது. ஊர் சேர்ந்தால் எல்லாம் கைகூடும் என்று அவர் விளக்கினார்.

கன்றுக்குட்டியின் மரணம்

பெங்களூரிலிருந்து திரும்பிய பின் மாடு பற்றிய எழுத்தில் நிபுணர்களின் கருத்துக்கு அவர் அதிக இடம் கொடுத்தார். பிஞ்சராப்போல் என்று வடநாட்டில் சொல்லப்படும் மாட்டுக் காப்பகங்களைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுதினார். தர்மப் பணத்தில் நடக்கும் அந்த இடங்களில் கணக்கும் இல்லை, அறிவும் இல்லை. கிழ மாடும் நோய் மாடும் நல்ல கறவையும் ஒன்றாக அடைந்து கிடந்தன. அவை நல்ல பொலிகாளையும் நல்ல பாலும் தரும் இடங்களாக மாற வேண்டும் என்பது அவர் ஆசை.

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் விழுந்தது. புரளக்கூட முடியாமல் வலியால் துடித்தது. பிழைக்காது என்று வைத்தியர் கைவிரித்தார். காந்தியடிகள் ஆசிரமத்தாருடன் ஆலோசித்தார். பிறகு தம் முன்னிலையிலேயே ஊசி போட்டு அதன் துன்பத்தை முடிக்கச் செய்தார். நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. ஆத்திரக் கடிதங்கள் குவிந்தன. அவர் எதையும் மறைக்கவில்லை. ஏன் செய்தேன் என்று பத்திரிகையில் விளக்கினார். தம் மனச் சமாதானத்தைவிட அந்த ஜீவனின் வலி அவருக்குப் பெரிதாகப்பட்டது.

பால் கணக்கு எழுதுவதிலும் இப்படி ஒரு கசப்பு உண்டு. கணக்கில் தோற்ற பசுவை என்ன செய்வது? மேல்நாட்டில் தயக்கம் இல்லை. அது இறைச்சிக்குப் போய்விடும். காந்தியடிகள் அந்த வழியை ஏற்கவில்லை. தோற்ற பசுவும் சாகும் வரை காப்பாற்றப்பட வேண்டும். சாணமும் எருவும் அது தரும். செத்த பின் தோலும் எலும்பும் தரும். ஆனால் மோசமான காளையால் மேலும் மேலும் மோசமான மாடுகள் பிறக்க விடக்கூடாது. இது சொல்ல எளிது, செய்யக் கடினம். தோற்ற மாட்டுக்கும் தினமும் தீவனம் போட வேண்டுமே! ஏழைக் குடும்பத்தை உறுத்தும் இந்தக் கேள்விக்கு இன்று வரை முழு விடை கிடைக்கவில்லை.

அதே 1928-ல் லின்லித்கோ பிரபுவின் தலைமையில் அமைந்த விவசாயக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. நல்ல மாடு கிடைக்காத இடத்தில் ஜனங்கள் மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். எண்ணிக்கை கூடக் கூடத் தீவனம் போதாமல் மாடு இன்னும் மெலிகிறது என்று அது காட்டியது. 1936-ல் லின்லித்கோ வைசிராயாக வந்ததும், செல்வர்கள் கிராமங்களுக்குப் பொலிகாளைகளைத் தானம் செய்யும்படி ஓர் இயக்கம் நடத்தினார். நல்ல எண்ணம்தான். ஆனால் தானமாக வந்த காளையின் மகள்கள் எவ்வளவு கறந்தன என்று யார் எழுதினார்கள்?

வார்தாவில்

1934-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தார். புதுவை அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அந்தப் பயணம் தீண்டாமை ஒழிப்புக்காக.

மாட்டு வேலை வார்தாவில் தொடர்ந்தது. அங்கே அவருக்கு மகன் போல இருந்தவர் ஜம்னாலால் பஜாஜ். பெரிய வியாபாரி. 1941-ல் சிறையிலிருந்து வெளிவந்த ஜம்னாலால், மீதி வாழ்நாளை எந்தப் பணிக்குக் கொடுக்கலாம் என்று தேடினார். காந்தியடிகள் காட்டியது பசுப் பணி. கோசேவா சங்கம் உருவாயிற்று. கோபுரி என்ற இடத்தில் குடிசை போட்டு ஜம்னாலால் மாடுகளோடு வாழ்ந்தார். 1942 பிப்ரவரி தொடக்கத்தில் வார்தாவில் மாடு வளர்ப்போர் மாநாடு ஒன்றைக் கூட்டினார். அது முடிந்து சில நாட்களில், பிப்ரவரி 11-ந் தேதி, திடீரென்று காலமானார். வயது 52. காந்தியடிகளுக்கு அது பேரிடி. சங்கத்தின் பொறுப்பை ஜம்னாலாலின் மனைவி ஜானகி தேவி ஏற்றார்.

இதே காலத்தில் வேறு இடங்களிலும் விதை விழுந்துகொண்டிருந்தது. 1939-ல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சினை ஊசி முறை சோதிக்கப்பட்டது. 1941-ல் முக்கிய நாட்டு இனங்களுக்கு வம்சாவளிப் பதிவேடு தொடங்கப்பட்டது. பேரும் பால் அளவும் எழுதப்பட்ட மாடுகளுக்கே அதில் இடம்.

உருளிகாஞ்சனில் விட்டுச் சென்ற சீடர்

1946 மார்ச்சில் காந்தியடிகள் புனா அருகே உருளிகாஞ்சன் கிராமத்தில் சில நாட்கள் தங்கினார். இயற்கை வைத்திய ஆசிரமம் ஒன்றை அங்கே நிறுவினார். அதைப் பார்த்துக்கொள்ள மணிபாய் தேசாய் என்ற இளைஞரை நியமித்தார். விஞ்ஞானப் பட்டதாரி. வாழ்நாள் முழுவதும் இந்தக் கிராமத்திலேயே இருப்பேன் என்று மணிபாய் வாக்குக் கொடுத்தார். அதன்படியே 1993-ல் இறக்கும் வரை இருந்தார்.

1948 ஜனவரி 30-ந் தேதி டெல்லியில் காந்தியடிகள் சுடப்பட்டு இறந்தார்.

மணிபாய் உருளிகாஞ்சனில் கீர் இனப் பசுக்களை வளர்த்தார். பால் அளவைப் பதிந்து, நல்லதைத் தேர்ந்து, மந்தையை உயர்த்தினார். கிராமத்துக் குடியானவர்கள் வந்து பார்த்து, இப்படிப்பட்ட மாடு எங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். 1967-ல் பாயிப் என்ற ஸ்தாபனத்தை மணிபாய் தொடங்கினார். சினை ஊசியை ஏழைக் குடியானவனின் வாசலுக்கே கொண்டுபோவது அதன் வேலை. வார்தாக்காரர்கள் நாட்டு இனங்களையே நம்பினார்கள். மணிபாய் வெளிநாட்டுக் காளைகளின் விந்தைக் கொண்டு கலப்பினத்தையும் உண்டாக்கினார். இதில் எது சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எந்தக் கட்சிக்காரர் ஆனாலும் தம் பக்கத்தை நிரூபிக்கப் பால் கணக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

கேரளத்தில் மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் 1963-ல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு ஒரு பண்ணை ஏற்பட்டது. அதன் வழியாக 1977 முதல் அங்கே கிராமத்து வீடுகளிலேயே பாலை அளந்து காளைகளைச் சோதிக்கும் திட்டம் நடக்கிறது. ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்களின் தொழுவமே அங்கே சோதனைச்சாலை. அளப்பவர் மாதம் ஒரு முறை வருவார். காலையில் அளப்பார், மாலையில் அளப்பார், எழுதிக்கொண்டு போவார். மகள்களின் கணக்கு முடியும் வரை காளையின் விந்தைக் கெடாமல் வைத்திருக்கத் திரவ நைட்ரஜன் உதவுகிறது. அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. கணக்கில் வென்ற காளையின் விந்து ஊர் ஊராகப் போகும்.

தேசியப் பால் திட்டம் 2012-ல் தொடங்கிய பின், மகள்களின் பாலைக் கொண்டு காளையைத் தேர்ந்தெடுக்கும் வேலை வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. மாடுகளின் காதில் இப்போது மஞ்சள் அட்டை தொங்குகிறது. அதில் 12 இலக்க எண். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால், அந்த மாட்டைப் பற்றிப் பதிந்தது எல்லாம் வரும். சொந்தக்காரர் யார், எத்தனையாவது ஈற்று, எந்தக் காளையின் ஊசி, எப்போது தடுப்பூசி என்று வரிசையாகத் தெரியும். பால் அளவுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலான மாடுகளுக்கு அந்த இடம் மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கிறது.